ஏலத்தில் எடுத்த கார் வீடு வந்து சேரும் வரை

தவணை கட்டாததால் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கைப்பற்றிய கார்கள் இப்போது இணையவழி ஏலத்தில் விற்கப்படுகின்றன. வளைகுடாவில் வேலை செய்யும் சகோதரர் அங்கிருந்தபடியே கைபேசியில் ஏலம் கேட்கலாம். கார் பெங்களூரு புறநகரில் ஏதோ ஒரு யார்டில் நிற்கும், குடும்பம் கீழக்கரையிலோ மேலப்பாளையத்திலோ இருக்கும். இடைப்பட்ட தூரத்தைக் கடக்க ஆகும் செலவை ஏலம் முடிந்த பிறகுதான் பலர் யோசிக்கிறார்கள். மலிவாகக் கிடைத்ததாக நினைத்த கார் அங்கேதான் விலை ஏறிவிடுகிறது.

இந்த ஏலங்களில் பொதுவான நிபந்தனை, "உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்திலேயே" என்பதாகும். காரில் என்ன குறை இருந்தாலும் விற்றவர் பொறுப்பல்ல. அதை எடுத்துச் செல்வதும் வாங்கியவரின் வேலை. குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் நாள் கணக்கில் யார்டு வாடகை ஏறும். ஆகவே, தொகையைக் கேட்பதற்கு முன்பே வாடகை எவ்வளவு என்று இரண்டு மூன்று வண்டிக்காரர்களிடம் விசாரித்து, அதையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள்.

ஓடும் வண்டியா, ஓடாத வண்டியா?

வண்டிக்காரர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்ற காரில் பேட்டரி இறங்கியிருக்கும், டயரில் காற்று இருக்காது. சில நேரம் சாவியே இருக்காது. சாவி இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டு திரும்பாது. இதைச் சொல்லாமல் வண்டி பேசினால், வந்தவர் ஏற்ற வழியில்லாமல் திரும்பிவிடுவார், அல்லது அங்கேயே வாடகையை உயர்த்துவார். ஏலத்துக்கு முன் பார்வையிட அனுமதிக்கும் நாளில், விவரம் தெரிந்த ஒரு மெக்கானிக்கை அனுப்பி இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கார் ஓடினாலும் அதை ஓட்டிக்கொண்டே வருவது நல்லதல்ல. பிரேக்கின் நிலை தெரியாது. இத்தகைய கார்களில் காப்பீடு காலாவதியாகி இருப்பதும் உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வழியில் யார் மீதாவது மோதிவிட்டால் இழப்பீட்டுச் சுமை குடும்பத்தின் தலையில் விழும்.

எந்த வண்டியில் ஏற்றுவது?

ஒரே ஊருக்குள் அல்லது பக்கத்து மாவட்டத்துக்கு என்றால் ரெக்கவரி வேன் போதும். முன்சக்கரத்தையோ பின்சக்கரத்தையோ மட்டும் தூக்கி இழுத்துச் செல்லும் முறை எல்லாக் கார்களுக்கும் பொருந்தாது. எஞ்சின் விசை பாயும் சக்கரங்கள் தரையில் உருண்டால், குறிப்பாக ஆட்டோமேட்டிக் கார்களில், கியர்பாக்ஸ் கெட்டுவிடும். ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர இயக்கம், மின்சாரக் கார் என்றால் நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டியையே கேளுங்கள்.

வெளிமாநிலத்திலிருந்து என்றால் பல கார்களைச் சேர்த்து ஏற்றிவரும் கேரியர் லாரிதான் மலிவு. ஆனால் மற்றக் கார்களுக்காகக் காத்திருக்க நேரும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் ஒடுங்கிய தெருக்களுக்குள் அந்த நீண்ட லாரி வராது. எந்த இடத்தில் இறக்குவார்கள், அங்கிருந்து வீடு வரை யார் பொறுப்பு என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

சேதமானால் எவ்வளவு கிடைக்கும்?

பலருக்குத் தெரியாத விஷயம் இது. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகளின்படி, சரக்கு சேதமானால் லாரி நிறுவனத்தின் பொறுப்பு பொதுவாக வாடகைத் தொகையின் 10 மடங்குக்குள் அடங்கிவிடும். வாடகை 15,000 ரூபாய், காரின் விலை 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கார் முற்றிலும் சேதமானாலும் 1.5 லட்சத்துக்கு மேல் கேட்பது கடினம். இதைத் தவிர்க்க, பதிவு செய்யும்போதே காரின் மதிப்பை எழுதிக்கொடுத்து, கூடுதல் பொறுப்புக்கான கட்டணம் செலுத்த வேண்டும். அல்லது பயணக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். வழக்குத் தொடுப்பதாக இருந்தால், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆதாரம் சரக்கு ரசீது. வண்டி எண், காரின் எஞ்சின் எண், சேசிஸ் எண், மதிப்பு, வாடகை, இறக்கும் இடம் அனைத்தும் அதில் இருக்கட்டும். "தெரிந்தவர்தானே" என்று வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். தவணை வைத்துக் கொடுத்து வாங்குவதை எழுதிக்கொள்ளும்படி நம் மார்க்கமே கற்றுத்தருகிறது. முழுத்தொகையையும் முன்பணமாகக் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை. ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, மீதியைக் கார் இறங்கிய பின் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள்.

யார்டில் கேட்டுப் பெற வேண்டியவை

• விற்றவர் தரும் விடுவிப்பு உத்தரவும், பணம் கட்டிய ரசீதும்.

• வாங்கியவர் வெளிநாட்டில் இருந்தால், யார்டுக்குச் செல்பவரின் பெயரில் அதிகாரக் கடிதமும் இருவரின் அடையாள அட்டை நகல்களும். எந்த வடிவில் கடிதம் வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

• பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்கள், கடன் பதிவை நீக்கும் 35ஆம் எண் படிவம். வெளிமாநில வண்டி என்றால் அங்குள்ள ஆர்டிஓவின் தடையில்லாச் சான்றுக்கான 28ஆம் எண் படிவம். அரசு நடத்தும் பொது ஏலம் என்றால் 32ஆம் எண் படிவத்தில் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

• மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி இ-வே பில் கேட்கப்படலாம். யார் எடுப்பது என்று லாரிக்காரரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

ஏற்றும் முன் காரை நான்கு பக்கமும், உள்ளேயும், கிலோமீட்டர் காட்டும் இடத்தையும் படம் எடுங்கள். பழைய உரிமையாளரின் பொருட்களோ காகிதங்களோ உள்ளே இருந்தால் அவை நமக்குரியவை அல்ல. யார்டு அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

இறக்கும்போது ஓட்டுநர் அவசரப்படுத்துவார். அந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். கீறலோ நசுங்கலோ இருந்தால் அதை ரசீதிலேயே எழுதி, அதன் கீழ் கையெழுத்திடுங்கள். "சரியாகப் பெற்றேன்" என்று கையெழுத்திட்ட பிறகு வாதாடுவது கடினம்.

ஏலத் தொகை, யார்டு வாடகை, ஏற்றுக்கூலி, காப்பீடு, பெயர் மாற்றச் செலவு, பழுது நீக்கும் செலவு ஆகிய ஆறையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அந்தத் தொகை நம் ஊரிலேயே கிடைக்கும் பழைய காரின் விலையைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் ஏலம் கேளுங்கள். வெளிநாட்டில் பாடுபட்டுச் சேர்த்த பணம் இன்ஷா அல்லாஹ் வீணாகாது.