நகையை அனுப்புமுன்

ஆவணி நெருங்கும்போது டில்லித் தமிழர் இல்லங்கள் பலவற்றில் ஒரு கவலை எழுவது வழக்கம். ஊரில் தங்கை மகளுக்குத் திருமணம்; தாய்மாமன் சீராகச் சங்கிலியோ வளையலோ ஆயத்தமாக இருக்கிறது; அதை எவ்வாறு கொண்டு சேர்ப்பது? விடுமுறை கிடைத்தவர் தாமே எடுத்துச் செல்வர். கிடைக்காதவர் தபாலையோ தனியார் பார்சல் நிறுவனத்தையோ நாடுவர். அவர்கள் அறிய வேண்டிய சிலவற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

எமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர், காலஞ்சென்ற தம் அன்னையாரின் இரட்டைவடச் சங்கிலியைப் பட்டுப் புடவையின் மடிப்பில் வைத்துக் கும்பகோணத்துக்கு அனுப்பினார். நகை என்று எழுதினால் திருடர் கண்படும் என்றெண்ணி, ரசீதில் ‘துணி’ என்று மட்டுமே எழுதினார். புடவை போய்ச் சேர்ந்தது, சங்கிலி சேரவில்லை. ரசீதில் கண்ட பொருள் சேர்ந்துவிட்டதாதலின் தனக்குப் பொறுப்பு ஏதுமில்லை என்று நிறுவனம் விடையளித்தது. மறுத்துரைக்க அன்பரிடம் சான்று இல்லை.

இது புதிய வழக்கன்று. சிறிய பொட்டலத்துக்குள் பெருஞ்செல்வத்தை அடக்கி அனுப்பிவிட்டு, தொலைந்தபின் முழு மதிப்பையும் கேட்டவர்களால் இங்கிலாந்தின் குதிரை வண்டிக்காரர்கள் இடர்ப்பட்டனர். அதனால் 1830இல் அங்கே ஒரு சட்டம் பிறந்தது. அதனையொட்டி நம் நாட்டில் 1865இல் இயற்றப்பட்ட சட்டம், நூறு ரூபாய்க்கு மேற்பட்ட பொன், மணி முதலியவற்றின் மதிப்பையும் விவரத்தையும் முன்னரே அறிவிக்க வேண்டுமென விதித்தது. அதன் இடத்தில் இன்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. அதன்படியும், கூடுதல் பொறுப்புக்குரிய கட்டணத்தைச் செலுத்த அனுப்புவோர் உடன்பட்டாலன்றி, குறித்த வரம்புக்கு மேல் நஷ்ட ஈடு கோர இயலாது.

அங்ஙனமாயின் மதிப்பை அறிவிப்பது திருடனுக்கு வழிகாட்டுவதாகாதோ என்று நேயர்கள் வினவலாம். 1958 நவம்பரில் நிகழ்ந்த ஒன்று இதற்கு விடையாகும். கோல்கொண்டாவைச் சார்ந்த கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்ததாகக் கருதப்படும் ‘ஹோப்’ என்னும் நீல வைரத்தை, நியூயார்க் வணிகர் ஹாரி வின்ஸ்டன் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் காட்சிசாலைக்குப் பதிவுத் தபாலிலேயே அனுப்பினார். மேலே சுற்றியிருந்தது வெறும் பழுப்புக் காகிதம். ஆயினும் அஞ்சலகத்தாரிடம் பத்து லட்சம் டாலருக்கு இன்ஷூர் செய்திருந்தார். தபால் கட்டணம் 2.44 டாலர், இன்ஷூரன்ஸுக்கு 142.85 டாலர். வைரம் பழுதின்றிச் சேர்ந்தது. தெருவுக்கு மறைத்தல், பொறுப்பேற்பவரிடம் மறையாமை. அவர் கையாண்ட முறை இதுவே. எம் அன்பரோ இருவரிடமும் மறைத்துவிட்டார்.

ஆகவே, பொட்டலத்தின் மேல் கவர்ச்சியான பெட்டியோ நகைக்கடைப் பெயரோ வேண்டாம். ஆனால் ஏற்பவரிடம் உண்மையைக் கூறி, எழுத்தில் பெறுக. பல தனியார் நிறுவனங்கள் நகையை ஏற்பதே இல்லை. அந்நிபந்தனை ரசீதின் பின்புறம் நுண்ணெழுத்தில் இருக்கும். அஞ்சலகத்தில் இன்ஷூர் வசதி உண்டு. அதற்கு உச்சவரம்பும் உண்டு. நகையின் விலை அதனை மிஞ்சுமாயின் மிஞ்சிய பகுதிக்குக் காப்பில்லை. உள்நாட்டுப் பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது என்பதையும் நினைவிற் கொள்க. வீட்டு நகைக்கு ஏற்கெனவே பாலிசி உடையோர், அது வழிப்பயணத்துக்கும் பொருந்துமா என்று கேட்டறிதல் நலம்.

மதிப்பைக் குறைத்துக் கூறினால் ஈடும் குறையும். கூட்டிக் கூறினாலோ உண்மை இழப்புக்கு மேல் கிடைக்கப் போவதில்லை. கடைப் பில், எடை, புகைப்படம் ஆகியவற்றைக் கைவசம் வைத்திருத்தல் வேண்டும்.

ரயிலில் தாமே எடுத்துச் செல்வோரும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். 1989ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டத்தின்படி, பயணி தம்மிடமே வைத்துள்ள பொருள் தொலைந்தால், ரயில்வேயின் கவனக்குறைவோ முறைகேடோ காரணம் என நிரூபித்தாலன்றி அதற்குப் பொறுப்பில்லை.

இறுதியாக ஒன்று. இன்ஷூரன்ஸ் பொன்னின் விலையைத் தரும். அன்னை அணிந்த சங்கிலியைத் திருப்பித் தராது. மீண்டும் செய்துகொள்ளத்தக்க நகையை மதிப்பைச் சொல்லி அனுப்பலாம். மீண்டும் செய்ய இயலாததை, விடுமுறை கிடைக்கும் வரை காத்திருந்து கையோடு கொண்டு செல்வதே முறை. மணமகள் சில திங்கள் கழித்துப் பெறினும் சீர் சீரே.