பொறியியல் மாணவரும் ஒரு பாடநூலும்

ஒரு பாடநூலின் நிறை குறைகளை அறிய விரும்புவோர், அதனை எழுதியவரைக் கேட்பதிலும் பார்க்க, அதனுடன் இராப்பகலாய் மல்லுக்கட்டிய மாணவரைக் கேட்பதே நன்று. சென்ற ஆண்டுப் பல்கலைக்கழக விடுமுறையின்போது அத்தகைய வாய்ப்பொன்று நமக்குக் கிட்டியது. உயர்தர வகுப்பில் நம்மிடம் இணைந்த கணிதம் பயின்ற மாணவர் ஐவர் ஒரு மாலை வேளையில் நம் இல்லம் நாடி வந்தனர். அனைவரும் பேராதனை, மொறட்டுவை, கிளிநொச்சி ஆகிய இடங்களிலுள்ள பொறியியற் பீடங்களில் முதலாம், இரண்டாம் ஆண்டுகளிற் பயில்பவர்கள். நலம் விசாரித்துத் தேநீரும் அருந்திய பின்னர், அவர்களுள் ஒருவர் தம் பையிலிருந்து தடித்த நூலொன்றை எடுத்து மேசைமீது வைத்தார்.

“சேர், இதை நீங்களே வைத்திருங்கள். எனக்கு இது சரிவராது. பொறியியலும் சரிவராது போலிருக்கிறது” என்றார்.

நாம் திகைத்துப் போனோம். அவர் நம் வகுப்பில் முன்வரிசை மாணவர். இணைந்த கணிதத்தில் ‘ஏ’ சித்தி பெற்றவர். தந்தையார் வெங்காயத் தோட்டம் செய்து படிப்பித்த பிள்ளை. அவ்வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த முதற் பிள்ளையும் அவரே. அப்படிப்பட்டவர் முதலாம் அரையாண்டிற் பொறியியலுக்குரிய நிலையியல், இயக்கவியல் பாடத்திலேயே சித்தியடையவில்லை என்றால், குற்றம் எங்கேயோ இருத்தல் வேண்டுமன்றோ?

மேசைமீதிருந்த நூல் உலகறிந்த நூல்தான். ‘வெக்டர் மெக்கானிக்ஸ் ஃபோர் எஞ்சினியர்ஸ்’ என்பது அதன் பெயர். பியர், ஜோன்ஸ்டன் என்னும் பேராசிரியர் இருவர் எழுதிய இந்நூல், இப்பெயருடன் 1962ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தது. பின்னர் வேறு ஆசிரியர்களும் சேர்ந்து புதுக்கப் பல பதிப்புக்களைக் கண்டுள்ளது. பியர் பிரான்சிற் பிறந்து, பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் கற்றவர். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்திற் பிரெஞ்சுப் படையிற் பணியாற்றிய பின் அமெரிக்கா சென்றவர். ஜோன்ஸ்டன் பிலடெல்பியாவிற் பிறந்தவர். பென்சில்வேனியா மாநிலத்து லீஹை பல்கலைக்கழகத்தில் ஜோன்ஸ்டனுக்கு முதல் ஆசிரியப் பதவி கிடைத்தபோது, அங்கே அப்பாடத்துக்குப் பொறுப்பாயிருந்தவர் பியர். அந்த நட்பின் விளைவே இந்நூல். நிலையியலுக்குப் பத்து அத்தியாயங்கள், இயக்கவியலுக்கு ஒன்பது, ஆகப் பத்தொன்பது. இரண்டும் சேர்ந்த பதிப்பு ஆயிரம் பக்கங்களையும் தாண்டும்.

நூலை வேண்டாமென்றவரை உடனே சமாதானப்படுத்த நாம் முயலவில்லை. “மற்றவர்களும் இதனைப் படித்தவர்கள்தாமே? ஒவ்வொருவரும் தத்தம் அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள்” என்றோம்.

முதலிற் பேசியவர் மொறட்டுவை மாணவர். அவருக்கு நூலிற் பெருமதிப்பு. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மாதிரிக் கணக்குகள் முழுமையாகச் செய்து காட்டப்பட்டுள்ளன. அவற்றின் பின் எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக ஏறும் பயிற்சிகள் உள்ளன. “விரிவுரை விளங்காத நாட்களில் இந்நூலே எனக்கு விரிவுரையாளர்” என்றார்.

இரண்டாமவர் இதனை மறுத்தார். “கணக்குகள் மிகுதி. எதைச் செய்வது, எதை விடுவது என்று தெரியவில்லை. ஈற்றில் எல்லாரும் என்ன செய்கிறோம்? பரீட்சைக்கு முதல்நாள் இரவு மாதிரிக் கணக்குகளை மட்டும் வாசிக்கிறோம். வாசிக்கும்போது எல்லாம் விளங்குகிறது; பரீட்சை மண்டபத்தில் ஒன்றும் வருவதில்லை” என்றார். இவர் கூற்றை ஏனையோர் சிரித்துக்கொண்டே ஆமோதித்தனர்.

மூன்றாவதாகப் பேசியவர் பேராதனையிற் பயிலும் மாணவி. நூலின் இறுதியில் எல்லாக் கணக்குகளுக்கும் விடை இல்லை என்பது அவரது முறைப்பாடு. இலக்கம் நேரெழுத்தில் அச்சிடப்பட்ட கணக்குகளுக்கு விடை உண்டு. சாய்ந்த எழுத்தில் அச்சிடப்பட்டவற்றுக்கு இல்லை. “முதலில் அச்சுப் பிழையென்றே நினைத்தேன். விடையில்லாக் கணக்கைச் செய்து முடித்தால் மனம் ஆறுவதில்லை. ஆனால், இரண்டாம் ஆண்டுக்கு வந்த பின்னர்தான் ஒன்று விளங்கியது. பாலம் கட்டுபவருக்கு எந்த நூலின் கடைசிப் பக்கத்திலும் விடை இருப்பதில்லை அல்லவா?” என்றார் அவர். தம் விடையைத் தாமே சோதிக்கப் பழகியது அக்கணக்குகளாலேயே என்றும் சொன்னார்.

நான்காமவருக்குக் காவிகளின் மீதே கோபம். பள்ளியில் இரண்டு வரியில் முடியும் திருப்பக் கணக்கைக் காவிப் பெருக்கத்தாற் செய்வது, நுளம்பை அடிக்கக் கோடரி எடுப்பதுபோல் அவருக்குத் தோன்றியதாம். நாம் நூலைப் புரட்டிப் பார்த்தோம். ஒரே தளத்திலுள்ள விசைகளுக்கு அந்நூலும் பழைய எளிய வழியையே பெரும்பாலும் கைக்கொள்கிறது. மூன்று பக்கமும் கம்பிகளால் இழுத்துக் கட்டிய உயர்ந்த கம்பத்தைப் போன்ற கணக்குகளிலேதான் காவிகள் முழு வேகத்துடன் வருகின்றன. அங்கே அவையின்றி முயல்பவர் கோணங்களின் காட்டிலே வழிதவறுவர். இதனை எடுத்துக் காட்டியதும் அவர் கோபம் சற்றுத் தணிந்தது.

ஐந்தாமவர், அதாவது நூலைக் கைவிட வந்தவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சேர், நாங்கள் பள்ளியில் ‘ஒப்பமான தளம்’, ‘இலேசான நீளா இழை’ என்று படித்தோம். கேள்வியே எல்லாவற்றையும் சொல்லிவிடும். இந்தப் புத்தகத்தில் ஒரு பாரந்தூக்கியின் படம் இருக்கிறது, ஒரு குறட்டின் படம் இருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது என்று நானே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை.”

ஐவர் அபிப்பிராயங்களுள்ளும் நம் நெஞ்சைத் தொட்டது இதுவே. ஏனெனில், அவர் கூறியது நூலைப்பற்றியது மட்டுமன்று, நம்மைப்பற்றியதுங்கூட.

நாம் ஐவருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தோம். “நம்மூர்க் கிணற்றுத் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் துலா மிதிக்கிறார்; நீர் நிறைந்த வாளி மேலே வருகிறது. துலாவில் மட்டும் தாக்கும் விசைகளைக் குறித்துக் காட்டுங்கள்” என்றோம். நீரிறைக்கும் இயந்திரங்கள் பெருகிய பின் துலாக்கள் அருகிவிட்டன எனினும், அவர்கள் ஐவரும் அதனைக் கண்டவர்களே.

ஐந்தாமவர் விரைவாகவே வரைந்துவிட்டார். துலாவின் நிறை, அச்சுலக்கையின் மறுதாக்கம், மிதிப்பவரின் பாதம் கொடுக்கும் விசை, துலாக்கொடியின் இழுவை ஆகிய நான்கையும் குறித்தார். அவ்வளவில் நிறுத்தியிருந்தால் முழுப் புள்ளி. ஆனால், கொடியின் இழுவைக்குப் பக்கத்திலேயே வாளியின் நிறையையும் துலாவின் நுனியிற் கட்டிவிட்டார்! மற்றையோர் தாள்களைப் பார்த்தோம்; இன்னும் இருவர் அவ்வாறே செய்திருந்தனர்.

வாளி துலாவைத் தொடுவதில்லை. துலாவைத் தொடுவது கொடி மட்டுமே. வாளியின் நிறையை வாளியின் படத்திலேதான் காட்டுதல் வேண்டும். நீரும் வாளியும் சேர்ந்து 20 கிலோகிராம் எனக் கொள்வோம். அவற்றின் நிறை 196 நியூட்டன். வாளி செக்கனுக்குச் செக்கன் 0.5 மீற்றர் ஆர்முடுகலுடன் மேலெழுமாயின், கொடியின் இழுவை 206 நியூட்டன் ஆகும். துலாவின் நுனியிலே தாக்குவது இந்த 206 மட்டுமே. வாளியின் 196ஐயும் சேர்த்துக் கட்டினால், ஒரு வாளியை இரு வாளியாக்கிய கதையாகும். துலாவுக்கு அது வெறுங்கணக்கு. பாலத்துக்கோ பாரந்தூக்கிக்கோ அது உயிர் விடயம்.

இப்பிழையைத் தவிர்க்கும் வழியையே அந்நூல் அத்தியாயந்தோறும் வற்புறுத்துகிறது. ஆராயவேண்டிய பொருளை அதன் சுற்றத்திலிருந்து பிரித்தெடுத்துத் தனியே வரை, அதனைத் தொடும் ஒவ்வொன்றையும் நீக்கி, நீக்கிய இடத்தில் அது தரும் விசையைக் குறி, நிறையை மறவாதே. இதனையே ‘ஃபிரீ பொடி டயகிராம்’ என்பர். ‘பொடி’ என்றதும் மூக்குப்பொடியை நினைத்துச் சிரித்த மாணவர்கள், அன்று மாலை அதன் பெறுமதியை உணர்ந்தனர். பேராதனை மாணவி தம் தாளைக் காட்டினார். அவர் துலாவை ஒரு படமாகவும், வாளியை வேறொரு படமாகவும், மிதிப்பவரை இன்னொரு படமாகவும் வரைந்திருந்தார். “இந்தப் புத்தகம் எனக்குத் தந்தது இதுதான்” என்றார்.

அவர்கள் சென்றபின் நாம் நெடுநேரம் சிந்தித்தோம். பல ஆண்டுகளாக நாம் என்ன செய்து வந்தோம்? கடந்தகால வினாத்தாள்களை வரிசையாக எடுத்து, கரும்பலகையிற் படத்தை நாமே வரைந்து, விசைகளையும் நாமே குறித்து, “இது இன்ன வகைக் கணக்கு” என்று பெயருஞ் சூட்டிக் கொடுத்தோம். மாணவர் சமன்பாடுகளைத் தீர்த்தனர், ‘ஏ’ சித்திகள் வந்தன, நாமும் மகிழ்ந்தோம். சிந்திக்கவேண்டிய பகுதியை நாம் வைத்துக்கொண்டு, கூட்டிக் கழிக்கும் பகுதியை மட்டும் அவர்களுக்குக் கொடுத்தோம் என்பது அந்தத் துலாப் படத்தைக் கண்டபோதுதான் நமக்கு உறைத்தது. நூல் கடினமென்று மாணவர் கூறும்போது, அந்நூலுக்கு அவர்களை ஆயத்தஞ் செய்யவேண்டியவர் யார் என்ற கேள்வியும் உடன் எழுகிறது. தனியார் வகுப்பு ஆசிரியர்களும் இதனைச் சிந்தித்தல் நலம்.

மொழியைப்பற்றியும் ஒரு சொல். நம் பிள்ளைகள் உயர்தரம் வரை தமிழிற் கற்றுப் பொறியியற் பீடத்தில் ஆங்கிலத்திற் பயில்கின்றனர். ஆர்முடுகல், உராய்வு, உந்தம், திருப்பம் என்று பழகியவர்க்கு ஒரே நாளிற் பெயர்கள் யாவும் மாறிவிடுகின்றன. ‘மொமென்ட்’ என்பதும் ‘மொமென்டம்’ என்பதும் ஒன்றென மயங்கியவர்களை நாம் அறிவோம். தமிழிலோ திருப்பமும் உந்தமும் ஒன்றையொன்று சிறிதும் ஒத்தவையல்ல. ஆகவே, தமிழிற் கற்றதை இழுக்கெனக் கருதி மறந்துவிட வேண்டியதில்லை. பொருளைத் தமிழில் தெளிந்து, அதற்குரிய ஆங்கிலப் பெயரை அருகில் எழுதி வைத்துக்கொள்வதே வழி. இப்பாடத்துக்கு வேண்டிய பெயர்கள் ஒரு சிறு குறிப்புக் கொப்பியுள் அடங்கிவிடும். அந்நூலின் ஆசிரியரான பியரும் பிரெஞ்சு மொழி வழங்கும் நாட்டிற் பிறந்து, ஆங்கிலத்தில் நூல் எழுதியவர் என்பதை நம் மாணவரிடம் சொன்னபோது, அவர் முகத்தில் முதன்முறையாகப் புன்னகை தோன்றியது.

இந்நூலைப் படிக்கப் போகும் மாணவர்க்குச் சில யோசனைகள். மாதிரிக் கணக்கை வாசிக்குமுன் அதன் தீர்வை ஒரு தாளால் மூடிவிடுங்கள். படத்தை நீங்களே வரைந்த பின்னரே தாளை நீக்குங்கள். நாளொன்றுக்கு மூன்று கணக்குகள் போதும்; முப்பது கணக்கை வாசிப்பதிலும் மூன்றைச் செய்வது மேல். கைப்பேசியிற் கைமாறும் தீர்வுக் கைந்நூல்களை நாடாதீர்கள். பிறர் உண்டால் நம் பசி தீராது.

பெற்றோர்க்கும் ஒன்று சொல்வோம். புதிய பதிப்பே வேண்டுமென்று கடன்பட வேண்டாம். நியூட்டனின் விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவனவல்ல. நூலகத்துப் பழைய பதிப்பும், மூத்த மாணவர் கைமாற்றும் பிரதியும் போதுமானவை. கணக்குகளின் இலக்கங்களும் தரவுகளும் மட்டும் பதிப்புக்களிடையே வேறுபடக்கூடும். விரிவுரையாளர் குறிப்பிடும் பதிப்போடு ஒப்பிட்டுக்கொண்டால் சரி. அன்றியும், முதலாம் அரையாண்டில் ஒரு பாடம் தவறினால் பிள்ளையின் கல்வியே கவிழ்ந்துவிட்டதென்று கலங்காதீர்கள்.

அன்று நூலைக் கைவிட வந்தவர், அதனை மீண்டும் பையில் வைத்துக்கொண்டே சென்றார். விடுமுறை முடியும்வரை மாலைதோறும் வந்து, நம் முன்னிலையில் மூன்று மூன்று கணக்குகளாகச் செய்தார். சமன்பாடு எழுத நாம் அவசரப்படவில்லை. படம் சரியாகும்வரை படமே வரைந்தோம். மீள எழுதிய பரீட்சையில் ‘சி’ சித்தி பெற்றதாகப் பின்னர் தொலைபேசியில் அறிவித்தார். பெரிய வெற்றியென்று அதனை எவரும் சொல்லமாட்டார். ஆயினும், “நூலை இப்போது தருகிறீரா?” என்று நாம் வேடிக்கையாகக் கேட்டபோது அவர் சொன்ன மறுமொழி நமக்கு மிகுந்த ஆறுதல் அளித்தது.

“இல்லை, சேர். இயக்கவியற் பகுதி இன்னும் இருக்கிறது.”

இவ்வாண்டு நம் வகுப்பிற் கரும்பலகைப் படங்களை மாணவரே வரைகின்றனர். பாடம் மெதுவாகத்தான் நகர்கிறது. நகரட்டும்.