ஊளைக்கு அடியில் ஓர் உறுமல்: அவசர ஊர்திகளின் துணைச் சைரன்கள்

ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, போலீஸ் ரோந்துக் கார் ஆகியவற்றில் வழக்கமான சைரனுக்கு மேல் கூடுதலாகப் பொருத்தப்படும் ஒலிக்கருவியே துணைச் சைரன். இதில் இரண்டு வகைகள் முக்கியமானவை. முதல் வகை, வழக்கமான சைரனின் ஒலியைத் தாழ்ந்த சுருதிக்கு இறக்கி உறுமலாக வெளியிடும் மின்னணுக் கருவி. இரண்டாவது, அமெரிக்கத் தீயணைப்பு வண்டிகளின் முகப்பில் குரோமியம் பளபளக்க உட்கார்ந்திருக்கும், மோட்டாரால் சுழலும் இயந்திரச் சைரன். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.சி.யும் பாட்டும் ஓட, வெளியுலகம் கேட்காமல் கார் ஓட்டுபவரை எட்டுவதற்கென்றே வந்தது முதல் வகை.

வழக்கமான சைரன் அவரை ஏன் எட்டுவதில்லை என்பதைச் சிறு கணக்கிலேயே பார்த்துவிடலாம். 100 வாட் மின்னணுச் சைரன் ஒன்று 3 மீட்டர் தூரத்தில், நேர் எதிரே, ஏறத்தாழ 120 டெசிபல் ஒலியை எழுப்பும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். ஆகவே 6 மீட்டரில் 114, 12 மீட்டரில் 108 என்று இறங்கி, 96 மீட்டரில் 90 ஆகிவிடும். கண்ணாடி மூடிய கார் அதில் சுமார் 30 டெசிபலைத் தடுத்துவிட்டால் ஓட்டுநரின் காதுக்கு மிஞ்சுவது 60. வேகமாக ஓடும் காருக்குள் டயரும் இன்ஜினும் காற்றும் எழுப்பும் இரைச்சலே அதைவிட அதிகம். இத்தனையும் வண்டி நேர் பின்னால் வரும்போது. குறுக்குத் தெருவிலிருந்து வந்தால் நிலைமை இன்னும் மோசம். சைரனின் கூம்பு ஒலியை முன்பக்கமாகக் குவிக்கிறது, பக்கவாட்டில் கசிவது குறைவு, மூலைக் கட்டடம் அதையும் மறைத்துவிடுகிறது. 1970களில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காகச் செய்யப்பட்ட ஆய்வு, நகரச் சந்திப்புகளில் சைரன் பயன் தரும் தூரம் 8 முதல் 12 மீட்டர்தான் என்று கண்டது. மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார் ஒரே நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். சைரன் காதில் விழும் நேரத்தில் பிரேக்கை மிதிக்கவே அவகாசம் இருக்காது.

இந்தக் குறையைச் சத்தத்தை மேலும் கூட்டித் தீர்க்க முடியாது. அப்படிச் செய்தால் முதலில் கெடுவது வண்டிக்குள் இருப்பவர்களின் காதும் நடைபாதையில் நிற்பவர்களின் காதும்தான். மாற்றக்கூடியது சுருதி. வழக்கமான சைரன் ஏறக்குறைய 500 முதல் 1,800 ஹெர்ட்ஸ் வரை ஏறி இறங்குகிறது. கண்ணாடி, தகடு போன்ற தடுப்புகள் உயர்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் அளவுக்குத் தாழ்ந்தவற்றைத் தடுப்பதில்லை. அதிர்வெண் பாதியானால் தடுப்பின் ஆற்றல் தோராயமாக 6 டெசிபல் குறையும் என்பது ஒலியியலின் பொது விதி. அடுத்த தெருக் கல்யாண மண்டபத்துப் பாட்டில் சொற்கள் கேட்காமல் தாளத்தின் அதிர்வு மட்டும் வீட்டுச் சுவரைத் தாண்டி வருவது இதனால்தான். 200 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 1.7 மீட்டர், ஓரளவுக்கு வளைந்தும் செல்லும். காது மட்டுமல்ல, இருக்கையும் ஸ்டீயரிங்கும் நெஞ்சும்கூட அதை உணரும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மனிதக் காதுக்கு 200 ஹெர்ட்ஸில் உணர்திறன் குறைவு. 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 11 டெசிபல் பின்தங்கும். சாலை இரைச்சலின் பெரும்பகுதியும் இதே தாழ்ந்த பகுதியில்தான் இருக்கிறது. அதனால் உறுமல் வெகுதூரம் எட்டாது. அருகில் நிற்கும் வண்டிகளை உலுக்குவதே அதன் வேலை. எட்டத்துக்கு ஊளை, கிட்டத்துக்கு உறுமல் என இரண்டும் சேர்ந்தால்தான் பயன். தனியாக ஒலிக்கவிட்டால் துணைச் சைரனைச் சைரன் என்று அடையாளம் காண்பதே கடினம்.

அமெரிக்காவின் ஃபெடரல் சிக்னல் நிறுவனம் 2000களின் பிற்பாதியில் சந்தைக்குக் கொண்டுவந்த ‘ரம்ப்ளர்’ இந்த வகையில் பெயர் பெற்றது. நியூயார்க் நகரப் போலீஸ் கார்களில் ஏறிய பிறகு நகரவாசிகளின் பேச்சில் அது அடிபட்டது. இரைச்சல் பற்றிய புகார்களும் கூடவே வந்தன. ரம்ப்ளர் தானாக ஒலி உண்டாக்குவதில்லை. முதன்மைச் சைரனின் சமிக்ஞையை வாங்கி, அதன் அதிர்வெண்ணை முக்கால் பங்கு குறைத்து, பெருக்கி, இரண்டு தாழ்சுருதி ஸ்பீக்கர்கள் வழியே வெளியிடுகிறது. 800 ஹெர்ட்ஸ் ஊளை 200 ஹெர்ட்ஸ் உறுமலாகிறது. ஓட்டுநர் இயக்கிய பின் சுமார் 8 நொடியில் தானே அடங்கிவிடும்படி அதில் நேரக்கட்டுப்பாடு இருக்கிறது. அந்த 8 நொடி மிகவும் பொறுப்பான ஏற்பாடு. சந்திப்பைக் கடக்கவும் நெரிசலில் வழி கேட்கவும் அது போதும். ஓயாமல் ஒலித்தால் தெருவே அதற்குப் பழகிவிடும்.

பொருத்தும் வேலையில் முதலில் பார்க்க வேண்டியது இடம். ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் கிரில்லுக்கும் பம்பருக்கும் இடையே, தாழ்வாக உட்காரும். மெல்லிய தகட்டில் மாட்டினால் அந்தத் தகடே அதிர்ந்து ஒலியின் ஆற்றலை விழுங்கும். போல்ட்டும் நாளடைவில் தளரும். அதனால் தாங்கியை வண்டியின் சட்டத்தோடு முடுக்க வேண்டும். ஸ்பீக்கரின் வாய் வானத்தைப் பார்த்திருந்தால் மழைநீர் தேங்கும். ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்கக் கூடாது. ஏர்பேக் உணரிகளின் அருகிலோ ஏர்பேக் விரியும் பாதையிலோ எந்தப் பாகமும் வரக் கூடாது. பம்பர் நசுங்கும் விதம் மாறினாலே உணரியின் கணக்கு தவறலாம். கூரைமேல் வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. கூரை ஸ்பீக்கரின் ஒலி முதலில் இறங்குவது ஓட்டுநரின் தலைக்குள்தான்.

அடுத்தது மின்னிணைப்பு. 200 வாட் வெளியீட்டுக்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 17 ஆம்பியர் வேண்டும். பெருக்கியின் இழப்பையும் சேர்த்தால் 20ஐத் தாண்டலாம். மெல்லிய வயர் சூடேறும், மின்னழுத்தம் விழும், உறுமல் முனகலாகிவிடும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தள்ளி இருந்தால் இடைப்பட்ட வயர் எங்காவது உராய்ந்து தகட்டைத் தொடும்போது தடுக்க ஒன்றும் இல்லை. தகட்டுத் துளை வழியே போகும் வயருக்கு ரப்பர் வளையம் கட்டாயம். வயர்லெஸ் ஆன்டெனா கேபிளோடு சேர்த்துக் கட்டினால் கட்டுப்பாட்டு அறையுடன் பேசும்போது இரைச்சல் கலக்கும்.

சட்டெனக் கண்ணில் படாத தவறு ஒன்று இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றின் பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறிவிட்டால், ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுக்கும். ஸ்பீக்கர்களின் இடைவெளியைவிட அலைநீளம் பெரிது என்பதால் இரண்டு ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரண்டுக்கும் சம தூரத்தில், நேர் முன்னே இருக்கும் காருக்குத்தான் இழப்பு அதிகம். பக்கத்தில் நிற்கும் மெக்கானிக்குக் கருவி வேலை செய்வதாகவே தோன்றும். ஒரு ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஒலிக்கவைத்து, முன்னே நின்று காதுக்காப்புடன் கேட்டால் குட்டு வெளிப்படும்: ஒற்றை ஸ்பீக்கர் இரண்டையும்விடக் கனமாக ஒலித்தால் இணைப்பு தலைகீழ்.

இயந்திரச் சைரனுக்கு மின்சாரமே பெரும் கவலை. ஃபெடரல் சிக்னலின் கியூ2பி 3 மீட்டரில் 123 டெசிபல் தருகிறது. ஆனால் ஓடும்போது சுமார் 100 ஆம்பியரை இழுக்கிறது, கிளம்பும் கணத்தில் இன்னும் அதிகம். தடித்த கேபிளும் தனி சோலனாய்டும் இல்லாமல் அதை மாட்டக் கூடாது. சுவாசக் கருவியும் ஏ.சி.யும் ஓடும் ஆம்புலன்ஸில் இந்தச் சுமைக்கு இடமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஸ்விட்சை விட்ட பிறகும் அதன் சக்கரம் நெடுநேரம் சுழன்று ஊளையிடும் என்பதால் பிரேக் இணைப்பும் தேவை.

இந்தியாவில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119ஆம் விதி பல சுருதி ஹாரன்களைப் பொதுவாகத் தடை செய்துவிட்டு, ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் முதலிய வண்டிகளுக்குப் பதிவு அதிகாரி ஒப்புக்கொள்ளும் ஒலிகளை அனுமதிக்கிறது. துணைச் சைரனையும் அந்த ஒப்புதலோடுதான் மாட்ட வேண்டும்.

ஓட்டும்போது துணைச் சைரனைச் சந்திப்புக்கு வந்த பின் அல்ல, நெருங்கும்போதே இயக்க வேண்டும். உறுமல் எச்சரிக்கும், எந்தப் பக்கம் என்று சொல்லாது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெபோரா விதிங்டன், வழக்கமான சைரன் வரும் திசையைக் காருக்குள் இருப்பவர்கள் அடிக்கடி தவறாக ஊகிப்பதைக் காட்டி, பல அதிர்வெண்கள் கலந்த சீறல் ஒலியைச் சைரனோடு சேர்க்கப் பரிந்துரைத்தார். திசை தெரியாமல் திடுக்கிட்டவர் குறுக்கேயே பிரேக் போடக்கூடும். அதற்கும் இடம் விட்டே வண்டியை ஓட்ட வேண்டும். சிவப்பு விளக்கில் ஒவ்வொரு தடத்தையும் கண்ணால் பார்த்த பிறகே கடக்க வேண்டும். அவசரத்தால் கிடைக்கும் லாபமும் பெரிதல்ல: அமெரிக்காவின் கிரீன்வில் நகரில் 1995இல் வெளியான ஆய்வு ஒன்றில், சைரனும் விளக்கும் போட்டுச் சென்ற ஆம்புலன்ஸ்கள் மிச்சப்படுத்தியது சராசரியாக 43.5 நொடி.

வண்டிக்குள் இருப்பவர்களின் காதும் கவனிப்பு கேட்கிறது. அமெரிக்கத் தொழில்சார் உடல்நல நிறுவனத்தின் வரம்புப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகி, 100 டெசிபலில் 15 நிமிடம்தான் மிஞ்சும். கண்ணாடிகளை ஏற்றிவைப்பது, பார்க்கிங் கியரில் சைரன் தானே அணையும் இணைப்பு, பணியாளர்களுக்கு ஆண்டுதோறும் செவித்திறன் சோதனை ஆகியவை இதனால்தான். பணிமனையில் சோதிக்கும்போது வண்டியின் முன்னால் யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, சில நொடிகளே ஒலிக்கவிட வேண்டும். தாழ்வாகத் தொங்கும் ஸ்பீக்கர்களில் சேறு அடைவது சகஜம் என்பதால், மழைக்காலத்தில் ஒவ்வொரு முறை வண்டியைக் கழுவும்போதும் வடிகால் துளையையும் போல்ட்டுகளையும் பார்த்துவிடுவது வழக்கமாக வேண்டும்.