நான்கு நட்சத்திரங்கள் இருந்தால் போதுமா?

2011ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கிளியர்வாட்டர் என்றோர் ஊர். பிலடெல்பியா பில்லீஸ் பேஸ்பால் குழு, பருவம் தொடங்குமுன் ஆண்டுதோறும் பயிற்சிக்குக் கூடும் இடம் அது. அங்கே செய்தியாளர்கள் முன்னிலையில், ஒரே மேசையில் ஐந்து பந்துவீச்சாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராய் ஹாலடே, கிளிஃப் லீ, கோல் ஹேமல்ஸ், ராய் ஆஸ்வால்ட் என்று நான்கு பெரிய பெயர்கள். ஐந்தாமவர் ஜோ பிளான்டன். பாவம், அந்த நால்வரின் வெளிச்சத்தில் அவரும் அங்கே இருந்தது பலருக்கு நினைவில் கூட இருக்காது.

இப்படி நால்வர் ஒரே குழுவில் சேர்ந்தால் வேறென்ன வேண்டும், கிண்ணம் இவர்களுக்குத்தான் என்று ரசிகர்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால் ஒரு குழுவின் பந்துவீச்சுப் பலத்தைப் பருவம் தொடங்குமுன் எடை போடுவது, பெயர்களை எண்ணிப் பார்ப்பதோடு முடிந்துவிடும் வேலையா?

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். கிரிக்கெட்டில் ஆறு பந்துகளுக்கு ஒருமுறை ஆள் மாறுவார். பேஸ்பாலில் அப்படியில்லை. ஆட்டத்தைத் தொடங்குகின்ற பந்துவீச்சாளர், அதாவது பிட்சர், தம்மை மாற்றும் வரை எதிரணியின் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தாமே வீசுவார். சுமார் நூறு பந்துகள் வீசியதும் கை ஓய்ந்துவிடும். பிறகு நான்கு நாள்களாவது ஓய்வு வேண்டும். ஆகவேதான் ஒரு குழு ஐந்து பேரை முறை வைத்து மாற்றி மாற்றி இறக்குகிறது. பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியவர்களுக்கு மேலிருந்து முழு வேகத்தில் வீசுவது எவ்வளவு கடினம் என்று தெரியாமல் இருக்கலாம். அங்கே கையைக் கீழிருந்து சுழற்றி வீசுகிறோம், இங்கே தோள்பட்டையும் முழங்கையும்தான் அடி வாங்குகின்றன.

இனி கணக்கைப் பாருங்கள். ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். ஆட்டத்திற்கு 9 இன்னிங்ஸ் என்றால் மொத்தம் ஏறக்குறைய 1,450. நான்கு நட்சத்திரங்களும் ஒரு நாள் கூடக் காயமில்லாமல் ஆளுக்கு 215 இன்னிங்ஸ் வீசினாலும் 860தான் ஆகிறது. மீதம் கிட்டத்தட்ட 600 இன்னிங்ஸ்! அதை யார் வீசப்போகிறார்? அந்த மேசையைப் பார்த்தவர்கள் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

அடுத்ததாக, எந்த எண்ணை நம்புவது? பந்துவீச்சாளரின் பெயருக்குப் பக்கத்தில் வெற்றி, தோல்வி என்று இரண்டு எண்கள் போடுவது நெடுநாள் வழக்கம். அதை நம்பினால் ஏமாந்து போவோம். ஆஸ்வால்டையே எடுத்துக்கொள்ளலாம். 2010இல் ஹியூஸ்டன் குழுவில் இருந்தவரை அவருக்கு 6 வெற்றி, 12 தோல்வி. ஜூலை மாதக் கடைசியில் பிலடெல்பியாவுக்கு வந்தபின் 7 வெற்றி, ஒரே ஒரு தோல்வி! ஆளும் அதே ஆள், கையும் அதே கை. சக ஆட்டக்காரர்கள் ஓட்டம் எடுத்துக் கொடுக்காவிட்டால் எவ்வளவு நன்றாக வீசினாலும் தோல்வி வீசியவர் கணக்கில்தான் ஏறும்.

சராசரி சற்று மேலானது. தற்காப்பு ஆட்டக்காரர்களின் பிழையால் வந்த ஓட்டங்களை நீக்கிவிட்டு, 9 இன்னிங்ஸுக்கு ஒருவர் எத்தனை ஓட்டம் விட்டுக்கொடுக்கிறார் என்பதே அது. 2010இல் ஹாலடேயின் சராசரி 2.44, ஹேமல்ஸுக்கு 3.06, பிளான்டனுக்கு 4.82. இதையும் தாண்டி, அனுபவமுள்ளவர்கள் தேடுவது வேறோர் எண்ணை. ஸ்ட்ரைக் அவுட் எத்தனை, எதிராளியைச் சும்மா முதல் தளத்திற்கு நடக்க விட்டது எத்தனை என்று அவர்கள் பார்ப்பார்கள். குறி தவறிய பந்துகள் நான்கு ஆகிவிட்டால் எதிராளி மட்டையைத் தொடாமலே நடந்து போய்விடலாம் அல்லவா? 2010இல் லீ 212 இன்னிங்ஸ் வீசி 185 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். நடக்க விட்டதோ வெறும் 18 பேரை. இந்த இரண்டு எண்களிலும் தற்காப்பு ஆட்டக்காரர்களின் உதவி இல்லை, அதிர்ஷ்டமும் அதிகமில்லை. அவருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 120 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுக்க பிலடெல்பியா ஏன் முன்வந்தது என்பது இங்கே விளங்கும்.

சரி, வயது? நால்வரில் ஹேமல்ஸ் மட்டுமே 27 வயது இளைஞர். லீக்கு 32, ஹாலடேக்கும் ஆஸ்வால்டுக்கும் 33. ஹாலடே 2006 முதல் ஐந்து ஆண்டுகளாக, ஆண்டுக்கு 220 இன்னிங்ஸுக்குக் குறையாமல் வீசி வந்தார். 2010இல் அது 250ஐத் தாண்டியது. அதை வலிமை என்று எடுத்துக்கொள்வதா, தேய்மானம் என்று எடுத்துக்கொள்வதா? இரண்டும்தான். ஆஸ்வால்டுக்கோ 2009இலேயே முதுகு வலி வந்திருந்தது.

பயிற்சிக் காலத்து ஆட்டங்களைப் பார்த்து முடிவு செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். அங்கே ஜெயித்ததையும் தோற்றதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புதுவிதப் பந்து ஒன்றைப் பழகிப் பார்ப்பதற்காகவே ஒருவர் வேண்டுமென்று அடி வாங்குவார். எதிரே நிற்பவர் இரண்டாம் தரக் குழுவின் சிறுவனாகவும் இருக்கலாம். வேகம் குறைந்திருக்கிறதா, முறைப்படி அடுத்த ஆட்டத்திற்கு வந்து நிற்கிறாரா என்பவற்றை மட்டும் கவனித்தால் போதும். அந்த மார்ச் மாதம் அப்படிக் கவனித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை கிடைத்தது. கடைசி இன்னிங்ஸை வீசி வெற்றியைக் காப்பாற்றித் தரும் பிராட் லிட்ஜ் தோள்பட்டைக் காயத்தால் பருவத்தைத் தொடங்க முடியாமல் போனார்.

இந்தக் கடைசி நேரப் பந்துவீச்சாளர்களை முன்கூட்டி எடை போடுவதுதான் ஆகக் கடினம். ஆண்டுக்கு 60, 70 இன்னிங்ஸ் வீசுகின்ற ஒருவருக்கு இரண்டு மோசமான வாரங்கள் வந்தால் முழு ஆண்டுமே கெட்டுவிடும். 2008இல் பிலடெல்பியா வெற்றியாளரானபோது, பருவ ஆட்டங்களில் தமக்குக் கிடைத்த 41 வாய்ப்புகளையும் லிட்ஜ் காப்பாற்றினார். மறு ஆண்டே அவருடைய சராசரி 7.21. காப்பாற்ற வேண்டிய 11 ஆட்டங்களைக் கோட்டை விட்டார்.

பந்துவீச்சோடு தொடர்பில்லாதது போலத் தோன்றும் இன்னொன்றும் உண்டு, ஓட்டம் எடுப்பது. பிலடெல்பியா 2009இல் 820 ஓட்டங்களும் 2010இல் 772 ஓட்டங்களும் எடுத்தது. அதன்பின் ஜேசன் வெர்த் வாஷிங்டன் குழுவுக்குப் போய்விட்டார். சேஸ் அட்லியோ முழங்கால் வலியால் மே மாதம் பிற்பகுதி வரை திடலில் இறங்கவே இல்லை.

என்ன நடந்தது? நால்வரில் மூவர் சொன்னபடி செய்தார்கள். ஹாலடே 2.35, லீ 2.40, ஹேமல்ஸ் 2.79. ஆஸ்வால்டின் முதுகு மறுபடியும் தொல்லை கொடுத்தது, 139 இன்னிங்ஸோடு நின்றார். பிளான்டனின் முழங்கை வலித்தது, அவர் எட்டு ஆட்டங்களை மட்டுமே தொடங்கினார். அந்த இடைவெளியை நிரப்பியவர் அந்த மேசையில் உட்காராத ஒருவர். 23 வயது வேன்ஸ் வொர்லி. முந்தைய ஆண்டு ஐந்தே ஆட்டங்களில் தலைகாட்டியிருந்த அவர் 11 வெற்றி, 3 தோல்வி, 3.01 சராசரி என்று முடித்தார். லிட்ஜின் இடத்தில் ரையன் மேட்சன் 32 ஆட்டங்களைக் காப்பாற்றினார். குழுவின் சராசரி 3.02, அந்த ஆண்டு மேஜர் லீக் குழுக்களிலேயே ஆகக் குறைவு. 102 வெற்றிகள், குழுவின் வரலாற்றிலேயே ஆக அதிகம்.

ஓட்டங்களோ 713க்கு இறங்கிவிட்டன. அதன் விலை அக்டோபரில் தெரிந்தது. செயிண்ட் லூயிஸ் குழுவுடன் ஐந்து ஆட்டத் தொடர். இரண்டாம் ஆட்டத்தில் 4-0 என்று முன்னணியில் இருந்த லீ அதைக் காப்பாற்ற முடியாமல் தோற்றார். நான்காம் ஆட்டத்தில் ஆஸ்வால்ட் தோற்றார். அக்டோபர் 7ஆம் தேதி, ஐந்தாம் ஆட்டம். ஹாலடே முதல் இன்னிங்ஸில் ஒரே ஓர் ஓட்டத்தை விட்டுக்கொடுத்தார். அதன்பின் எட்டாம் இன்னிங்ஸ் வரை ஒன்றும் தரவில்லை. எதிரே வீசியவர் கிறிஸ் கார்ப்பென்டர், டொரொன்டோ குழுவில் ஹாலடேயோடு ஒன்றாக ஆடிய நண்பர். ஒன்பது இன்னிங்ஸையும் அவர் ஒருவரே வீசி முடித்தார், பிலடெல்பியா அடித்தது மூன்றே அடிகள். முடிவு 1-0. கடைசிப் பந்தை அடித்துவிட்டு ஓடிய ரையன் ஹாவர்ட், குதிகால் நரம்பு அறுந்து தரையில் விழுந்தார்.

மறு ஆண்டு, 2012இல், ஹாலடேக்கு 35 வயது நிறைந்திருந்தது. மே 27ஆம் தேதி அதே செயிண்ட் லூயிஸ் நகரில், இரண்டு இன்னிங்ஸ் வீசியதும் தோள்பட்டை வலிக்கிறது என்று திடலை விட்டு வெளியேறினார்.