ஷெல்லும் பழைய வழக்குகளும்

கணிப்பொறிக்கு எழுத்து மூலம் இடப்படும் கட்டளைகளைப் பெற்று, அவற்றின் பொருளை அறிந்து, உரிய நிரல்களை இயக்குவிக்கும் நிரலுக்கு ‘ஷெல்’ என்று பெயர். மனிதனுக்கும் இயந்திரத்திற்கும் இடையே நிற்கும் துபாஷி என்று அதனைக் கூறலாம். அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச்சாலையிலிருந்து 1979இல் வெளிவந்த ‘யூனிக்ஸ்’ ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்ன் இயற்றிய ஷெல் இடம்பெற்றது. பின்னர் தோன்றிய பல ஷெல்கள் அதன் இலக்கணத்தையே தழுவின. 1989இல் பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்ட ‘பாஷ்’ அவ்வழி வந்ததே. 1992இல் ‘போஸிக்ஸ்’ எனும் பொதுத் தரம் அவ்விலக்கணத்திற்கு எழுத்து வடிவில் ஓர் எல்லையை வகுத்தது.

இதனால், புதிய ஷெல் எதனை எவர் உருவாக்கினும், ஒரே வகைக் கோரிக்கை அவரை விடாது தொடர்கிறது. பழைய ஷெல்லில் இயங்கிய வடிவம் இங்கு இயங்கவில்லை. அதனையும் சேர்த்துவிடலாகாதா என்பதே அது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இக்கோரிக்கையை ஏற்பதும் மறுப்பதும் எதனைப் பொறுத்துள்ளன என்பதற்கு ‘ஃபிஷ்’ என்னும் ஷெல்லின் வரலாறு நல்ல சான்றாகும்.

2005இல் ஆக்ஸல் லில்யன்கிராண்ட்ஸ் வெளியிட்ட ஃபிஷ், போஸிக்ஸ் தரத்திற்கு உட்படாமல், புதிதாகப் பயில்வோருக்கும் விளங்கும் இலக்கணத்தை அமைக்க முற்பட்டது. முதற் கட்டளை வெற்றி பெற்றால் மட்டும் அடுத்ததை இயக்குவதற்குப் பாஷில் && என்னும் குறி உண்டு. ஃபிஷில் அதற்குப் பதிலாக ‘அண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே கட்டளையாக வைக்கப்பட்டது. கொள்கையளவில் இதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் புத்தகங்களிலும் கையேடுகளிலும் கண்ட கட்டளையை அப்படியே எடுத்து இடுவோர் ஒவ்வொரு முறையும் பிழைச் செய்தியைப் பெற்றனர். அச்செய்தியே, இக்குறி இங்குச் செல்லாது, இன்ன சொல்லைப் பயன்படுத்துக என்று தெளிவாக அறிவித்தது. பயனர் கருதியது யாது என்று நன்கு அறிந்திருந்தும் அதனைச் செய்ய மறுக்கும் நிரல் எவருக்கும் எரிச்சலை ஊட்டும் என்பதில் ஐயமில்லை. 2018 டிசம்பரில் வெளிவந்த 3.0 பதிப்பில் && குறியும் அதன் இணையான || குறியும் ஏற்கப்பட்டன. பழைய சொற்களும் நீக்கப்படவில்லை.

இம்மாற்றத்தால் ஏற்கனவே எழுதப்பட்ட ஃபிஷ் கட்டளைத் தொகுப்புகளுக்கு ஏறத்தாழ எவ்விதக் கேடும் நேரவில்லை. காரணம் எளிது. அதுகாறும் && என்பது பிழையாகவே கருதப்பட்டதால், அதனை நம்பி எவரும் எதையும் எழுதியிருக்கவில்லை. பிழையாக இருந்த இடம் காலியாக உள்ள இடம்; அதில் புதிய பொருளைக் குடியேற்றலாம். ஒரு கட்டளைக்கு மட்டும் மாறியின் மதிப்பை முன்னால் எழுதித் தரும் முறை 2020இல் 3.1 பதிப்பிலும், ஒரு கட்டளையின் விளைவை மற்றொன்றில் பொருத்தும் $( ) வடிவம் 2022இல் 3.4 பதிப்பிலும் ஏற்கப்பட்டதற்கும் இதுவே துணையாயிற்று.

பொருள் உடைய வடிவத்தை மாற்றுவது வேறு செயல். போர்ன் ஷெல்லின் மரபில், மேற்கோள் குறியின்றி எழுதப்படும் மாறியின் மதிப்பு இடைவெளி உள்ள இடங்களில் துண்டாக்கப்படும். ஒரு மாறியில் ‘ஆண்டு அறிக்கை’ என்னும் கோப்பின் பெயர் உள்ளது எனக் கொள்க. அதனை நீக்குமாறு கட்டளையிட்டால், ‘ஆண்டு’ என்றும் ‘அறிக்கை’ என்றும் இரு கோப்புகள் தேடப்படும். அப்பெயர்களில் வேறு கோப்புகள் இருப்பின் அவை அழியும். அழிக்க வேண்டியதோ அங்கேயே இருக்கும். ஃபிஷ் இவ்வாறு துண்டாக்குவதில்லை. பழைய வழக்கத்தை இங்கும் கொணர்ந்தால், இன்று சரிவர இயங்கும் தொகுப்புகள் பிழைச் செய்தி ஏதுமின்றித் தவறான கோப்புகளை அழிக்கத் தொடங்கும். ஆகவே இதில் ஃபிஷ் இடங்கொடுக்கவில்லை. ‘இஸட்-ஷெல்’லும் இயல்பாகத் துண்டாக்குவதில்லை, எனினும் வேண்டுவோர் பழைய முறையை இயக்கிக்கொள்ள ஒரு விருப்பத் தேர்வை வைத்துள்ளது. இத்தகைய தேர்வுகள் பெருகினால், ஒரே தொகுப்பு இரு இயந்திரங்களில் இரு விதமாக நடக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பொருளை மாற்றியே தீர வேண்டிய இடமும் உண்டு. ஃபிஷில் பிழைச் செய்திகளைத் திசைதிருப்புவதற்கு ^ என்னும் குறி இருந்தது. அதனைக் கைவிட முடிவு செய்தபோது, 3.0 பதிப்பில் விரும்புவோர் மட்டும் இயக்கும் ஏற்பாடாகவே மாற்றம் வந்தது. சில ஆண்டுகள் கழிந்த பின்னரே அது யாவர்க்கும் பொதுவாயிற்று.

கோரிக்கையை ஏற்காது, எழுதியவரையே திருத்தச் செய்த நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. உபுண்டு 2006 அக்டோபரில் தன் 6.10 பதிப்பில், ‘எஸ்-எச்’ என்னும் பொதுப் பெயருக்குரிய ஷெல்லாகப் பாஷை விடுத்து, சிறியதும் விரைவானதுமான ‘டாஷ்’ என்பதனை அமர்த்தியது. கணிப்பொறி விரைவில் தொடங்க வேண்டும் என்பதே நோக்கம். பொதுப் பெயரை முதல் வரியில் எழுதிவிட்டு, பாஷுக்கே உரிய வடிவங்களைக் கையாண்டிருந்த தொகுப்புகள் அப்போது இடறின. சமம் என்பதற்குப் போஸிக்ஸ் வகுத்தது ஒற்றை = குறி; பாஷ் == குறியையும் ஏற்பதால் பலர் அதனையே எழுதிப் பழகியிருந்தனர். டாஷ் அதனை ஏற்கவில்லை. 2011இல் வெளிவந்த டெபியன் 6 பதிப்பும் டாஷையே கைக்கொண்டது. தரத்திற்கு உட்பட்டு எழுதுக, அன்றேல் முதல் வரியில் பாஷ் என்றே குறிப்பிடுக என்பது டெபியனின் விதி. அதனுடன், ‘லோக்கல்’ போன்ற மிகச் சில கூடுதல் வசதிகளை மட்டும் அவ்விதி அனுமதித்தது. மீறல்களைக் கண்டறிய ‘செக்பாஷிஸம்ஸ்’ என்னும் சோதனைக் கருவியும் வழங்கப்படுகிறது. இந்தியாவில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது.

ஃபிஷைப் பயன்படுத்துவோர்க்கும் இந்த முதல் வரியே பெரும்பாலான சங்கடங்களைத் தீர்க்கிறது. பாஷ் மொழியில் எழுதிய தொகுப்பின் தலைப்பில் பாஷின் பெயர் இருந்தால், அதனை எந்த ஷெல்லிலிருந்து அழைத்தாலும் இயக்குவது பாஷேயாகும். தொகுப்பினுள்ளேயே பல வரி உரையை அடக்கித் தரும் << வடிவத்தை ஃபிஷ் இன்னும் ஏற்கவில்லை; மேற்கோள் குறிகளுக்குள் பல வரிகளை எழுதுவதே அங்கு வழக்கமாக உள்ளது.