பள்ளி செல்லாப் பாலருக்கு நவராத்திரிப் பாடம்

விஜயதசமியன்று மூன்று வயதுக் குழந்தையை மடியில் இருத்தி, தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் அதன் விரலைப் பிடித்து ‘அ’ என்று எழுதுவிப்பது நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அன்று எழுதுவது பெரியவரின் கையே என்பதை யாவரும் அறிவர். ஆயினும் மறுநாள் முதலே பலகையைக் கொடுத்து, அவ்வெழுத்தைத் தானாக எழுதுமாறு குழந்தையை வற்புறுத்தும் வீடுகள் பல. எமது வட்டாரத்தில் மாட்டுக் கொட்டகைப் பணி ஒன்றைப் பார்வையிடச் சென்றபோது, மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவன் பலகையைக் கண்டதும் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டதைக் கண்டோம். பையனுக்குப் படிப்பு வராது போலிருக்கிறது என்று தந்தையார் வருந்தினார்.

பையன்மீது பிழையில்லை. ஒரு குழந்தை பார்த்து வரையும் ஆற்றல் படிப்படியாகவே வருகிறது. மூன்று வயதளவில் வட்டம், நான்கு வயதளவில் கூட்டல் குறி, அதற்குப் பின்னரே சதுரம், ஐந்து வயதையொட்டி முக்கோணம் என்பது பொதுவான வரிசை. ‘அ’ என்னும் எழுத்திலோ சுழியும் வளைவும் நேர்கோடும் ஒருங்கே உள்ளன. விரலுக்கு வலிமை வருமுன் எழுத்தைத் திணிப்பது, வேர் பிடிக்காத நாற்றைப் பறித்து நடுவதற்கு ஒப்பாகும்.

கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு வயதிலிருந்தே தொடங்குகிறது. 1975-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் அதற்கு முற்பட்ட வயதினருக்கு உள்ளன. ஆனால் ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்திலேயே குடியிருப்போர் வீட்டுக் குழந்தைகள் பலர் பாட்டியின் பொறுப்பில் வீட்டோடு இருக்கின்றனர். இவர்களுக்கு நவராத்திரியின் பத்து நாட்களைப் போல வாய்ப்பான காலம் வேறில்லை. காலாண்டு விடுமுறையும் பெரும்பாலும் இதனையொட்டி வருவதால், மூத்த பிள்ளைகளும் துணைக்கு இருப்பர்.

கொலு வைக்கும் வழக்கம் இல்லாத வீடுகளே கிராமங்களில் மிகுதி, அதனால் குறைவொன்றுமில்லை. குழந்தைக்கென்று மூன்று பெட்டிகளைப் படியாக அடுக்கிக் கொடுத்தால் போதும். விளாச்சேரிப் பொம்மையும் பண்ருட்டிப் பொம்மையும் கண்ணுக்கு அழகு. பிசைந்த களிமண்ணோ கைக்குப் பயிற்சி. மாடு, உரல், பானை என்று குழந்தை எதைச் செய்தாலும், எவ்வாறு செய்தாலும், அதனைத் திருத்தாமல் படியில் வைத்துவிடுக. மேற்படியில் எத்தனை, கீழ்ப்படியில் எத்தனை என்று கேட்டால் எண்ணிக்கை தானே வரும்.

முதல் நாளன்றே இரண்டு கொட்டாங்கச்சிகளில் மண்ணிட்டுப் பச்சைப்பயறு விதைத்து, ஒன்றை வெளிச்சத்திலும் மற்றொன்றைக் கூடைக்கு அடியிலும் வைக்கலாம். இருளில் வளர்ந்தது வெளுத்து நீண்டு தலைசாயும். வெளியில் வளர்ந்தது குட்டையாயினும் பசுமையாக நிற்கும். உழவருக்கு இது புதுமையன்று; குழந்தைக்குப் பெரும் புதுமை. நாள்தோறும் செடியின் உயரத்திற்கு ஒரு துரும்பைக் கிள்ளி வரிசையாக வைக்கச் செய்தால், அளத்தல் என்னும் கருத்து உருவாகும். சுண்டலுக்கு ஓர் உழக்குக் கடலையை ஊறவைத்து, மறுநாள் குழந்தையையே அளக்கச் சொல்லுக. ஏறத்தாழ இரு மடங்காகியிருப்பதைக் கண்டு அது கேட்கும் கேள்விக்குப் பாட்டி விடை சொல்லட்டும். ஆயுத பூசையன்று கருவிகளின் பெயர்களைச் சொல்லிக்கொடுக்கலாம். மண்வெட்டியின் காம்பை அது துடைக்கட்டும், அரிவாளைத் தொடவேண்டாம்.

விதைகளைப் பொறுக்கிப் பிரிக்கும் விளையாட்டில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிக்கும் குன்றிமணி கொடிய நஞ்சுடையது; ஓடு உடையக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அரளி விதையும் ஆமணக்கு விதையும் அவ்வாறே. இவை குழந்தை விளையாடும் இடத்தில் இருத்தல் ஆகாது. வாயிலிட்டதாக ஐயம் எழுந்தாலும், வாந்தி எடுக்கவைக்க முயலாமல், மிஞ்சிய விதையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும், 108-ஐ அழைக்கலாம். நிலக்கடலை, கொண்டைக்கடலை போன்றவை மூச்சுக்குழலில் சிக்கக்கூடும். பெரியவர் அருகில் அமர்ந்திராத நேரத்தில் எவ்விதப் பருப்பையும் கையில் கொடுத்துவிட்டுப் போகலாகாது.

களிமண்ணைப் பெரியவர்களே கொண்டுவந்து, கல்லும் கண்ணாடிச் சில்லும் நீக்கிக் கொடுப்பது நலம். சிறுவர்களைக் குளத்திற்கு அனுப்பவேண்டாம். வண்டல் எடுத்த குழிகளில் புரட்டாசி மழைநீர் தேங்கி ஆழம் தெரியாமல் நிற்கும். அக்குழிகளைச் சுற்றி முள்வேலி இடுவதும், பயன்படாத கிணறுகளை மூடுவதும், கொலு மண் தேடிப் பிள்ளைகள் புறப்படுவதற்கு முன்பே, ஆவணி இறுதிக்குள் ஊராட்சி உறுப்பினர்கள் முடிக்கவேண்டிய வேலைகள்.