வெயிலுக்கு டயர்க் காற்றைக் குறைக்கலாமா?

ராஜபாளையத்திலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்கோ, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத் திருமங்கலத்துக்கோ கிளம்பும் காருக்கு, கோடையில் டயர்க் காற்றைக் குறைத்துவிடுவோர் உண்டு. சூட்டில் காற்று விரிந்து டயர் வெடிக்கும் என்ற பயம். விரிவது உண்மைதான்: 27 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. காட்டும் டயர், 57 டிகிரியில் சுமார் 34.5 காட்டும். ஆனால் இந்த ஏற்றத்தைத் தாங்கும்படிதான் டயரைச் செய்கிறார்கள். அதைச் சூடாக்குவதில் வெயிலைவிடப் பெரிய பங்கு அதன் சொந்த நெளிவுக்கு. தரையில் படும்போது பக்கச்சுவர் அமுங்கி நிமிர்கிறது, 80 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல். அமுங்கும்போது வாங்கிய ஆற்றலை ரப்பர் முழுதாகத் திருப்பித் தராது, மிச்சம் வெப்பமாகிறது. காற்று குறையக் குறைய நெளிவும் சூடும் கூடி, ரப்பருக்கும் உள்ளிருக்கும் நூலிழைகளுக்கும் இடையிலான பிடிப்பு விட்டுப்போகும். வெடிப்பு அங்கே தொடங்குகிறது. ஜெர்மனியின் ஆட்டோபான் சாலைகளில் பறக்கும் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றுக்கு அதிவேகத்துக்கென்று கூடுதல் அழுத்தம் பரிந்துரைக்கப்படுவதும் இதனால்தான்.

காற்று குறைந்தால் பிடிமானம் கூடுமே என்பார்கள். மணலில் சரி, தார்ச்சாலையில், அதுவும் மலைவளைவில், வண்டி தளும்பும். நைட்ரஜன் அடித்தால் விரியாதா? சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். சூட்டில் அதுவும் விரியும். கிளம்பும் நாள் காலையில், வண்டி ஓடுமுன், கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவுக்குக் காற்றடியுங்கள். ஆளும் சாமானும் நிறைந்திருந்தால், முழுச்சுமைக்கென்று அங்கே போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். ஸ்டெப்னியையும் விட்டுவிடாதீர்கள்.